அழு = 64

கோப்பு ஒன்றுதான், படி இரண்டு.
ஒன்று ரங்கூனில், ஐம்பத்தோராம் தெரு, ஐந்தாம் மாடி,
லாரி பேட்டரியில் கட்டிவைத்த என் சர்வரில்.
மற்றது மோல்மேனில் மாசிலாமணியிடம்.
ஆடுகிறவர்களின் கைபேசிக்குள் போகும் பாதி
அவன் எழுதுவது.

கம்பியில் சொல் போகாது. எண்தான் போகும்.
இரண்டு முனையும் ஒரே பட்டியலைப் பார்த்து
ஒரே பொருள் கொள்ள வேண்டும்.
அறுபத்து மூன்று வரி. நாயன்மார் கணக்கு என்பான் மாசி.

1 உள்ளே வா
2 யார் நீ
3 இருக்கிறேன்

மூன்றாவதைப் பதினைந்து நொடிக்கொருமுறை
சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.
நாற்பத்தைந்து நொடி சத்தமில்லாவிட்டால்
ஆள் போய்விட்டதாகப் பொருள்.
அதை முந்நூறாக்கியவள் நான்.
எங்கள் தெரு ஜெனரேட்டர்
நாலாவது இழுப்பில்தான் இருமவே தொடங்கும்.

17 வணங்கு
18 வெட்டு
19 கொடு
20 உயிரை விடு (பாறையிடுக்கில் சிக்கியவர்களுக்கு)
31 காலி.
அது 'கூடு' என்றிருந்தது. ஒரு பிப்ரவரியில் எடுத்தோம்.
எடுத்த எண்ணை வேறெதற்கும் தருவதில்லை.

சனிக்கிழமை, கரண்ட் இருந்த நாலு மணி நேரத்தில்
நாற்பத்தாறு பேர் உள்ளே.
பெகு பல்டாக்டர் வணிகனைக் கும்பிட்டார்;
வணிகன் இரண்டு துண்டானான்.
மூன்று பையன்கள் பாலத்தடிப் பீலூமேல் வாளை ஓங்கினார்கள்;
வாள் போய் அதன் கையில் பரிசாக உட்கார்ந்தது.
வேண்டாம் என்று சொல்ல அந்தப் பூதத்துக்கு நாங்கள் கற்றுத்தரவில்லை.
ஒன்பது மணிக்கு அதனிடம் பதினொரு வாள்.
பியேயிலிருந்து ஒருத்தி புருஷனுக்குப் பூ நீட்டிச் செத்தாள்.
அவன் மருந்து நீட்டி
அவள் மேலேயே விழுந்தான்.

மற்றவர்கள் சந்தையில் நின்று
ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டிருந்தார்கள்.
இவர்களுக்கு இன்றைக்கு என்ன இத்தனை பணிவு
என்று நினைத்தேன். சிரித்தேனும்கூட.

இரண்டு படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது தெரிந்தது.
அவனுடையதில் 17, அழு.
அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி இறங்கியிருந்தது.
காலி விட்ட முப்பத்தொன்றில்
மணியடி வந்து உட்கார்ந்திருந்தது.

மோல்மேனுக்கு லைன் கிடைக்க இரவு இரண்டாயிற்று.
'சைகையெல்லாம் பதினேழில்தானே ஆரம்பம்.
அகர வரிசையில் அழு முதல்ல வரும்' என்றான்.

அகர வரிசையாம்!
ஏழு வருஷமாக நான் கத்துவது ஒன்றுதான்:
புதிது எதுவானாலும் கடைசியில் சேர்.
அழுகைக்கு என்னடா அவசரம் என்றேன்.
'கேட்டாங்க' என்றான்.
யார் என்று கேட்பதற்குள் லைன் போயிற்று.

எடுத்தே விடலாம் என்றுதான் இருந்தேன்.
பதிவேட்டைத் திறந்தேன், எத்தனை சாவு என்று எண்ண.
சாவு இருபத்தாறு.
பதினேழு வந்து சேர்ந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு முறை.
மற்ற சனிக்கிழமைகளில் நாற்பதைத் தாண்டாது.

விரல் விசைமேல் இருந்தது. வெகுநேரம் இருந்தது.

பிறகு அந்த வரியை வெட்டி
அடியில் ஒட்டினேன். 64.
பதிப்பு ஏழை எட்டாக்கினேன்.
ஏழோடு வருகிறவர்களை வாசலில் நிறுத்த வேண்டும்; நிறுத்தவில்லை.
மலையூர்களில் புதியது இறங்க இரண்டு ராத்திரி ஆகும்.
அதற்கும் ஒரு விதி உண்டு, என் கையெழுத்தில்:
தெரியாத எண் வந்தால் விழாதே,
பேசாமல் கடந்து போ.

ஞாயிறு மாலை சந்தையில் பத்தொன்பது பேர்.
நடுவிலிருந்து ஒருவர் 64 அனுப்புகிறார். மறுபடி 64.
பதினேழு திரைகளில் அவர் சும்மா நிற்கிறார்,
விலை கேட்க வந்தவர்போல.
விதிப்படி எல்லோரும் கடந்து போகிறார்கள்.